இரண்டரை என்றால் ஏழு

எங்கள் எஸ்டேட் பம்ப் ஷெட் சுவரில், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், "2.30 = 7.00" என்று கருப்பு மார்க்கரில் பெரிதாக எழுதியிருக்கும். எழுதியவன் நான்தான். எழுதி முடித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று, பரவாயில்லையே, அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அந்த வரியை நம்பி ஒருவன் தண்ணீரில் இறங்கிச் செத்தான். செத்த பிறகு அதே வரியைக் காட்டித்தான் அவன் மேல் பழியும் போட்டார்கள்.

என் பெயர் தேவசிகாமணி. தலைச்சோலைக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் பத்தொன்பது வருடம் ரைட்டராக இருந்தேன். ஆள் வருகை எழுதுவது, யாருக்கு என்ன வேலை என்று பிரித்துவிடுவது, மேனேஜர் கொடுக்கும் திட்டை வாங்கி அப்படியே சூடு ஆறாமல் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது, இதுதான் ரைட்டர் வேலை. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதுவும் என் தலையில் விழுந்தது. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

எஸ்டேட்டில் பாதியை ஜெர்மனியில் இருக்கும் ஒரு காப்பிக் கம்பெனி வாங்கியது. வாங்கின கையோடு ஜனவரியில் பம்ப் ஷெட்டுக்கு ஒரு பெட்டியை அனுப்பினார்கள். மார்ச்சில் காப்பிச் செடி பூப்பதற்கு மழை வேண்டும். மழை ஏமாற்றினால் ஏரியிலிருந்து மோட்டார் போட்டு ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தொடங்கினால் தினமும் பகலில் ஓட்ட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. அரைகுறையாக விட்டால் மொட்டு கருகிவிடும், அந்த வருடக் காய் அவ்வளவுதான். அதற்காகத்தான் அந்தப் பெட்டி.

பெட்டியின் மூளை இங்கே இல்லை. ஜெர்மனியில் எங்கேயோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் தினமும் குறித்த நேரத்துக்கு "மோட்டாரைப் போடு" என்று உத்தரவு அனுப்பும். பெட்டி போடும். மாட்ட வந்த இன்ஜினியர் தம்பி விளக்கினான்: அந்த ஊரில் விடிகாலை இரண்டரை என்றால் நமக்குக் காலை ஏழு. அதைத்தான் நான் சுவரில் எழுதினேன்.

பம்ப் ஆப்பரேட்டர் அன்பழகன். முப்பத்தாறு வயது. அவன் தாத்தா காலத்தில் ஆத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். தொழிலாளர்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு ஒன்றில் குடியிருந்தான். பெண்டாட்டி சுதாராணி காப்பி பறிப்பவள், மகள் ஹரிணி ஏற்காட்டில் பத்தாவது. ஏரிக்குள் போகும் குழாயின் அடி வாயில் ஒரு சல்லடை உண்டு. சில்வர் ஓக் இலை வந்து அதை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பெட்டி தானாக மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிவப்பு லைட்டைப் போடும். அப்போது அன்பழகன் முழுகிப்போய்ச் சல்லடையைக் கழற்றி, இலையை வழித்துவிட்டு மாட்டுவான்.

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தானே இறங்க வேண்டும் என்று கேட்பீர்கள். பிப்ரவரியில் அவன் அப்படித்தான் செய்தான். கரண்டு போனதும் பெட்டிக்கும் ஜெர்மனிக்கும் தொடர்பு அறுந்து, மறுபடி அது உயிர் பெற இரண்டு நாள் ஆனது. அங்கிருந்து மேனேஜர் ராமசாமிக்கு ஒரு மெயில் வந்தது. அவர் என்னைக் காய்ச்சினார், நான் அன்பழகனைக் காய்ச்சினேன். பிறகு மேனேஜர் சுவிட்சுக்கு ஒரு கம்பியைக் கட்டி ஈய சீல் வைத்துவிட்டார். தொட்டவனுக்கு வேலை போகும் என்று உத்தரவு.

அதனால் நாங்கள் சுவிட்சை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டோம். ஏழு மணிக்கு மேல் மோட்டார் தடங்கினால், பகல் முழுக்க அது தானாக மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். எப்போது உறுமும் என்று சொல்ல முடியாது. ஆறுக்கு முன்னால் இருட்டு. வெளிச்சமும் இருந்து மோட்டாரும் ஓடாத நேரம் ஆறிலிருந்து ஏழு வரைதான். முழுகுவதென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் முழுக வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகா புத்திசாலி யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான். ஒன்றரை மாதம் அது ஒழுங்காக நடந்தது.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை ஜெர்மனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. மேனேஜருக்கும் எனக்கும். நான்கு வரி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறோம், நேரம் குறித்து ஓடும் வேலைகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. நான் படித்தேன். முழுவதும் படித்தேன். கடிகாரத்தைத் தள்ளி வைக்கிறானாம், இவனுகளுக்கு வேற வேலையே இல்லையா என்று சிரித்தேன். நம் ஊர்க் கடிகாரம் எப்போதும் போலத்தானே ஓடுகிறது, நமக்கென்ன என்று மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, நான் கோவிலுக்குப் போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள், அன்பழகன் என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றான்.

"ஏனுங்க ரைட்டரய்யா, இன்னைக்கு மோட்டாரு ஓடவே இல்லீங்க."

"சல்லடை அடைச்சிருக்கும். போன வாரமும் அதானே?"

"அடைச்சா செவப்பு லைட்டு எரியோணுமுங்களே. எரியலீங்க."

"பல்பு போயிருக்கும்ப்பா."

"அப்புடிங்களா?" என்று இழுத்தான். அவனுக்கு மனசு ஒப்பவில்லை, முகத்திலேயே தெரிந்தது. "ஒருக்கா ஜெர்மனிக்காரங்களக் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"ஞாயித்துக்கிழமை எவன்டா போன எடுப்பான்? போ, நாளைக்குக் காலைல எறங்கிப் பாத்துரு."

சேலத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்த மேனேஜருக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "நாளைக்கும் தண்ணி ஓடலைன்னா மொட்டெல்லாம் போச்சு தேவசிகாமணி. என்ன பண்ணுவியோ தெரியாது" என்றார். எனக்கும் தெரியவில்லை. மெயில் ஞாபகத்துக்கு வந்ததா என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். வரவில்லை. சத்தியமாக வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று இப்போது நினைத்து யாருக்கு என்ன பிரயோசனம்?

திங்கள் காலை ஐந்து ஐம்பதுக்கு என் போன் அடித்தது.

"எறங்கறனுங்க" என்றான் அன்பழகன். "சீக்கிரம் முடிச்சுருவனுங்க. பாப்பாவுக்கு இன்னைக்குப் பரிச்சை. ஆறரை பஸ்ஸு. கரையில நின்னு கையாட்டோணும்னு சொல்லிருக்குதுங்க."

"சரி சரி" என்றேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். என் குவார்ட்டர்ஸ் மலையின் அந்தப் பக்கம். மோட்டார் போட்டாலும் கேட்காது.

ஏழு இருபதுக்கு நான் இறங்கி வந்தபோது மூடுபனிக்குள் ஸ்பிரிங்க்ளர் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். அப்பாடா, பையன் சரி பண்ணிட்டான், மேனேஜருக்கு உடனே சொல்லிவிடலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் கரையில் மடித்து வைத்த சட்டையைப் பார்த்தேன். அதன் மேல் அவன் போன். பக்கத்தில் துண்டு, காய்ந்த துண்டு.

கூப்பிட்டேன். ஷெட்டுக்குள் மோட்டார் கத்துகிற கத்தலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தேன். மேனேஜர் வைத்த சீல் ஒரே இழுப்பில் அறுந்துபோனது. மக்கிப்போன சணல் மாதிரி அவ்வளவு சுலபமாக அறுந்தது. அதற்குப் பயந்துகொண்டுதான் ஒன்றரை மாதம் சுவிட்சைத் தொடாமல் இருந்தோம்.

ஆட்கள் வந்து அவனை வெளியே எடுத்தார்கள். சல்லடையைக் கழற்றிய நேரத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியிருக்கிறது. வலது கை முழங்கைக்கு மேல்வரை குழாய்க்குள் இருந்தது. இதற்கு மேல் அதைப்பற்றி எழுத என்னால் ஆகாது.

மத்தியானம் ஹரிணி பரீட்சை எழுதிவிட்டு வந்து இறங்கினாள். "அப்பா ஏன் கரைக்கே வரல?" என்று அம்மாவிடம் கேட்பதற்காக வேகமாக நடந்து வந்தாளாம்.

அன்று மாலையே மேனேஜர் ஜெர்மனிக்குப் பேசினார். பேசிவிட்டு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு என்னை உட்கார வைத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. விஷயம் இவ்வளவுதான். ஞாயிறு விடிகாலை அந்த ஊரில் இரண்டு மணி அடித்ததும் கடிகாரத்தை மூன்றுக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டரை என்ற நேரமே அன்றைக்குக் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை உத்தரவு வரவில்லை. சல்லடையில் ஒரு இலைகூட இல்லை. திங்கட்கிழமை இரண்டரை வழக்கம்போல வந்தது. ஆனால் ஊரே ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டதால், அவர்களுடைய இரண்டரை இப்போது நம்முடைய ஆறு.

"அந்த வெள்ளிக்கிழமை மெயில் உனக்கும்தான் வந்துச்சு" என்றார் மேனேஜர். "இறங்கச் சொன்னது நீ. வெளிய வந்தா மொதல்ல உருள்ற தல உன்னுது. வாய மூடிக்கிட்டு இரு, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். கம்ப்யூட்டர் பதிவில் திங்கட்கிழமை மோட்டார் ஓடத் தொடங்கிய நேரம் 2.30 என்று இருக்கிறது. 2.30 என்றால் ஏழு, ரைட்டர் கைப்பட எழுதி வைத்திருக்கிறார், சுவரில் பாருங்கள். ஆக அன்பழகன் ஏழு மணிக்குத் தண்ணீருக்குள் இருந்திருக்கிறான். ஆறுக்கு இறங்க வேண்டியவன் ஏன் ஏழுக்கு இறங்கினான்? ஞாயிற்றுக்கிழமை குடித்திருப்பான், போதை தெளியாமல் கரையிலேயே படுத்துக் கிடந்திருப்பான். ஒரு கையெழுத்து, ஒரு எண், அதை வைத்து ஒரு மனுஷனைக் குடிகாரன் ஆக்கிவிட்டார்கள். அன்பழகன் வெற்றிலைகூடப் போடமாட்டான். அது லைனில் இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தெரியும். அவரவர் வேலைக்குப் பயந்து ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அவன் செத்த அதே வாரம் வெள்ளிக்கிழமை பெட்டியை மறுபடி ஓட விட்டபோது, ஜெர்மனியில் சொல்லி நேரத்தைச் சத்தமில்லாமல் 3.30 என்று மாற்றிவிட்டார்கள். மோட்டார் பழையபடி ஏழுக்கு ஓடியது.

இரண்டு வாரம் கழித்துத் தொழிலாளர் துறையிலிருந்து விசாரணைக்கு வருவதாகச் சொன்னார்கள். சொன்ன வேலையை, சொன்ன நேரத்தில் செய்யும்போது செத்தான் என்று எழுதினால் அவன் வேலை சுதாராணிக்கு வரும், லைன் வீடும் நிலைக்கும். தன் தப்பால் செத்தான் என்றால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். விசாரணைக்கு முந்தின நாள் சுதாராணி ஆபீசுக்கு வந்தாள். கையில் அன்பழகனுடைய போன்.

"அஞ்சு அம்பதுக்கு உங்களுக்குத்தானுங்க கூப்புட்டிருக்காரு" என்றாள். "என்ன சொன்னாருங்க?"

"எறங்கறேன்னு சொன்னான்மா."

"அதை நாளைக்கு அந்த ஆபீசரம்மாகிட்டச் சொல்லுவீங்களா? நானும் பாப்பாவும் ஆறே காலுக்கு ரோட்டுக்கு வந்தப்பவே தண்ணி சுத்திக்கிட்டு இருந்துச்சுங்க. எங்கண்ணால பாத்தேன். சொன்னா, உனக்குப் பைத்தியம், கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாங்கறாரு மேனேஜரு. ஊடு போனாப் போகுதுங்க. எங்கியாச்சும் மாரமங்கலம் பக்கம் தோட்டத்துல தங்கிக்குவோம். குடிச்சுப்போட்டு வுழுந்து செத்தான்னு எழுதிப்புட்டாங்கன்னா, எம்புள்ள காலம்பூரா அதையவல்லங்க கேட்டுக்கிட்டு இருக்கோணும்?"

"சொல்றேன் போம்மா" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டாள். என்னை. எனக்கு அந்த நாற்காலியிலேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் விசாரணை எங்கள் ஆபீசில் நடந்தது. வந்த அதிகாரி மேனகா என்ற அம்மா. கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். பம்ப் ஷெட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். திங்கட்கிழமை வரியை மட்டும் பிரிண்ட் எடுத்து வை என்று மேனேஜர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். அந்தத் தாள் மேஜை மேல் கிடந்தது. சுதாராணியும் ஹரிணியும், என் சாட்சி தங்களுக்குத்தான் என்ற நம்பிக்கையில், என் நாற்காலியை ஒட்டிப் பின்னால் நின்றார்கள்.

நான் போன் வந்ததைச் சொன்னேன். ஐந்து ஐம்பது, எறங்கறேன் என்றான், நான் சரி என்றேன். மேனேஜர் என்னை ஒரு முறை முறைத்தார். அத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். தாய்க்கும் மகளுக்கும் நல்லது செய்தாகிவிட்டது, என் தலையும் தப்பித்தது என்று.

மேனகா அம்மா தாளைப் பார்த்தார். "போன் பண்ணது அஞ்சு அம்பது. மோட்டார் ஓடினது ஏழு. நடுவுல ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் அவர் என்ன பண்ணினார்?"

"அதைத்தாங்க மேடம் நாங்களும் கேக்கறோம்" என்றார் மேனேஜர்.

சுதாராணி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை. ஆறே காலுக்குத் தண்ணீர் சுற்றியது என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும், அந்தத் தாளில் இருக்கும் எண்ணுக்கு முன்னால் அது எடுபடாது. எடுபட வைக்க ஒரே ஒரு ஆளால்தான் முடியும். பாதி உண்மையைச் சொல்லி அவளைக் காப்பாற்ற வழியே இல்லை.

என் சட்டைப் பைக்குள் இரண்டு தாள் இருந்தது. காலையில் எதற்காக எடுத்து வைத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. எடுத்து மேஜையில் வைத்தேன். ஒன்று, முழுப் பதிவு. சனிக்கிழமை 2.30. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை. திங்கட்கிழமை 2.30. அடுத்த வெள்ளியிலிருந்து 3.30. இன்னொன்று, அந்த மெயில்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் படித்தார். பேனாவால் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"அப்போ திங்கட்கிழமை மோட்டார் ஓடினது ஆறு மணிக்கு."

"ஆமாங்க."

"அவர் சரியான நேரத்துக்குத்தான் இறங்கியிருக்கார்."

"ஆமாங்க. அவன்மேல ஒரு தப்பும் இல்லீங்க."

பின்னால் சுதாராணி விசும்பும் சத்தம் கேட்டது. என் தோளுக்குப் பின்னால் அவள் கை வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. மேனேஜர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

"இந்த மெயில் எப்போ வந்தது?"

"வெள்ளிக்கிழமைங்க."

"செத்ததுக்கு முந்தின வெள்ளிக்கிழமையா? மூணு நாள் முன்னாடி?"

"ஆமாங்க."

"நீங்க படிச்சீங்களா?"

"படிச்சனுங்க."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க."

நாற்காலியைப் பிடித்திருந்த கை விலகியது.

"வெள்ளிக்கிழமையேங்களா?" என்று கேட்டாள் சுதாராணி. கோபமாகக் கேட்கவில்லை. காது சரியாகக் கேட்டதா என்று சரிபார்க்கிற மாதிரி கேட்டாள். நான் திரும்பவில்லை. ஹரிணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அறையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றாள். விசாரணை முடியும்வரை அங்கேயேதான் நின்றாள்.

அன்பழகன் வேலை நேரத்தில், சொன்ன வேலையில் இறந்தான் என்று எழுதினார்கள். அவன் வேலை சுதாராணிக்கு வந்தது. வீடு நிலைத்தது. என்னை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். ராமசாமி இன்னும் மேனேஜராகத்தான் இருக்கிறார். நான் சேலத்தில் அஸ்தம்பட்டியில் ஒரு பெயிண்ட் கடையில் பில் போடுகிறேன். கடை வாசலில் நின்றால் மலை தெரியும். நான் வாசலுக்குப் போவதில்லை.

அடுத்த மார்ச் வந்தது. கடைக் காலண்டரில் கடைசி ஞாயிற்றைச் சுற்றி நானே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம், முதலாளி சாப்பிடப் போன நேரத்தில், அன்பழகனுடைய பழைய நம்பருக்கே போன் போட்டேன். அவள்தான் எடுத்தாள்.

"சுதாராணி, நான் தேவசிகாமணி பேசறேன்."

பின்னால் மோட்டார் ஓடுவது கேட்டது.

"நாளைக்கு மார்ச் கடைசி ஞாயிறு. ஜெர்மனியில மறுபடியும் கடிகாரத்த..."

"தெரியுமுங்க."

"நேரத்த மாத்திட்டாங்களா? கேட்டியாம்மா?"

"மாத்துனா என்ன, மாத்தாட்டி என்னங்க?" என்றாள். "ஆளு தண்ணியில எறங்கறப்ப மெயின இறக்கி, பியூஸ் கட்டை மூணையும் புடுங்கி எம்மடியில கட்டிக்குவேன். அந்த ஆளு மேல வந்து துண்டெடுத்துத் தொடச்சதுக்கு அப்புறமேல்ட்டுத்தான் திருப்பி மாட்டுவேன். மேனேஜரு வந்து நின்னாலும் அதான். எந்தூருல எத்தன மணி அடிச்சா எனக்கென்னங்க."

"நல்லதும்மா" என்றேன்.

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மோட்டார் சத்தம் இன்னும் கேட்டது.

"போன வருசம் இப்புடி ஒரு போன் பண்ணிருக்கலாமுங்க" என்றாள். அப்புறம்தான் வைத்தாள்.